பழைய வண்டியும் பதிப்புக் கலையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் என்னைக் கேட்டபோது, பதிப்பு வரலாறு பற்றி ஏதேனும் சொல்வேன் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். கல்லூரியில் சுவடியியலும் பதிப்பியலும் கற்பித்து ஓய்வு பெற்றவனிடம் வேறு எதை எதிர்பார்ப்பது? நான் கொடுத்த தலைப்பைக் கண்டு அவர் சற்றே திகைத்தார். "ஐயா, மோட்டார் சைக்கிளா?" என்றார். "ஆம், 1972ஆம் ஆண்டுப் புல்லட்" என்றேன். அவர் பெருந்தன்மையுடன் மறுப்பேதும் சொல்லவில்லை. பழைய வண்டி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கிச் சீர்செய்த கதை இலக்கிய வட்டத்தில் எதற்கு என்ற ஐயம் உங்களுக்கும் எழலாம். என் வாழ்நாள் முழுவதும் நான் மாணவர்க்குச் சொல்லிவந்த பாடத்தை நானே மறந்த இடம் அந்தக் கதையில் உண்டு. அதைச் சொல்லவே இங்கு வந்திருக்கிறேன்.

மூலம் மறைந்து படி வாழ்ந்த கதை

முதலில் அந்த வண்டியின் பிறப்பைப் பற்றிச் சில சொற்கள். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் தோன்றியது ராயல் என்ஃபீல்டு நிறுவனம். நம் நாட்டு இராணுவத்தின் தேவைக்காக அந்நிறுவனத்தின் புல்லட் வண்டிகள் 1950களின் தொடக்கத்தில் இங்கு வரவழைக்கப்பட்டன. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் ரெட்டிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா என்ற நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் அங்கிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்திற்குள் எல்லா உறுப்புகளும் இங்கேயே உருவாயின.

இதற்குப் பின் நடந்ததுதான் சுவடி படித்தவர்களுக்குச் சுவையானது. 1970இல் இங்கிலாந்தில் அந்நிறுவனத்தின் உற்பத்தி முற்றிலும் நின்றுவிட்டது. தாய் வீட்டில் விளக்கு அணைந்த பிறகும் திருவொற்றியூரில் அதே 346 கன சென்டிமீட்டர் எஞ்சின், அதே 70 மில்லிமீட்டர் துளை, 90 மில்லிமீட்டர் ஓட்டம், அதே நான்கு கியர் என்று வண்டி உருவாகிக்கொண்டே இருந்தது. 1977இல் திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. மூல ஏடு அழிந்துபோக, தொலைவான ஊரில் எவரோ எழுதிவைத்த படியால் நூல் பிழைத்த வரலாறு நமக்குப் புதிதன்று. 2010ஐ ஒட்டிப் புதிய எஞ்சின் வந்து வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய எஞ்சினுக்கு விடை கொடுக்கும் வரை அந்தப் படி வாழ்ந்தது.

இது சாலையில் போகும்போது எனக்குத் தெரிந்திருந்த செய்தி அன்று. வாங்கிய பிறகு தேடிப் படித்தது. வாங்கியபோது எனக்கு இருந்தது ஆசை ஒன்றுதான். இளமையில் எங்கள் தெருவில் ஒரே ஒரு புல்லட் இருந்தது. அதன் சத்தம் தெருமுனையில் கேட்டாலே நாங்கள் வாசலுக்கு ஓடுவோம். ஓய்வு பெற்ற பின் அந்தச் சத்தத்தை விலைக்கு வாங்கலாம் என்று நினைத்தேன்.

மலிவு என்னும் மாயை

2017ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலங்கைமானுக்கு அப்பால் ஒரு சிற்றூரில் பழைய புல்லட் ஒன்று விலைக்கு இருப்பதாகச் செய்தி வந்தது. பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் புல்லட் வண்டிகளையே பிரித்துப் பூட்டியவர். நான் அவரைப் 'பாய்' என்று அழைப்பேன். அவர் என்னைச் 'சார்' என்பார்.

மாட்டுக் கொட்டகையின் மூலையில், வைக்கோல் தூசி படிந்து, காற்றிழந்த இரு சக்கரங்களோடு அது நின்றது. வண்டியின் உரிமையாளர் கால்நடை ஆய்வாளராக இருந்து மறைந்தவர். அவருடைய மனைவியார், எழுபது வயதைக் கடந்தவர், திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பாய் அன்று வண்டியைப் பார்த்த முறை, ஏட்டுச் சுவடியைக் கையில் எடுத்துப் பார்க்கும் முறையாகவே எனக்குத் தோன்றியது. முதலில் அவர் எஞ்சினைப் பார்க்கவில்லை. ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டார். பிறகு கந்தைத் துணியால் வண்டியின் கழுத்துப் பகுதியைத் துடைத்தார். சேஸிஸ் எண் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். எண் தாளில் எழுந்தது. கல்வெட்டில் மைப்படி எடுப்பதை நேரில் கண்டவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள், அதே வேலைதான். எஞ்சின் எண்ணையும் அவ்வாறே எடுத்தார். இரண்டும் புத்தகத்தோடு பொருந்தின. "எண்ணு ஒத்துப்போகலேன்னா, சும்மா கொடுத்தாலும் தொடக் கூடாது சார்" என்றார். எழுத்து ஒன்று, ஏடு ஒன்று என்றிருக்கும் சுவடியை நாம் எப்படி ஐயத்தோடு அணுகுவோமோ அப்படி.

அடுத்து, எல்லா உறுப்புகளும் இருக்கின்றனவா என்று எண்ணினார். இதில் ஓர் உண்மை உண்டு. துருப்பிடித்த உறுப்பைச் சீராக்கலாம். இல்லாத உறுப்பைத் தேடுவதற்கே காலமும் பணமும் கரையும். பிஸ்டனும் ரிங்கும் கடையில் கிடைக்கும். ஹெட்லைட்டின் மேல் இருபுறமும் சிறு விளக்குகளைக் கொண்ட, 'புலிக்கண்' என்று சொல்லப்படும் அந்த முகப்பு உறை காணாமல் போயிருந்தால் அதற்கென ஊர் ஊராக அலைய வேண்டும். ஏடுகள் அரித்திருப்பது வேறு, ஏடுகளே விடுபட்டிருப்பது வேறு.

பிறகு ஒரு சிறு காந்தத்தை எடுத்துப் பெட்ரோல் டேங்கின் மீதும் மட்கார்டின் மீதும் நகர்த்தினார். காந்தம் ஒட்டாத இடத்தில் உள்ளே தகடு இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று பொருள். கடைசியாகத்தான் கிக்கரில் கால் வைத்தார். அது அசையவில்லை. எஞ்சின் இறுகியிருந்தது. "மிதிக்கக் கூடாது, ஊற வைக்கணும்" என்றார். பிளக் துளை வழியே டீசலும் எண்ணெயும் ஊற்றி நாள்கணக்கில் காத்திருந்தால் துரு இளகும். பொறுமையின்றி மிதித்தால் உள்ளே ஏதேனும் உடையும்.

அம்மையார் 25,000 ரூபாய் கேட்டார். நான் குறைகளை ஒவ்வொன்றாக அடுக்கினேன். எஞ்சின் இறுகிவிட்டது, டயர் வெடித்துவிட்டது, பதிவு காலாவதியாகிவிட்டது. பின்பக்கத்தில், சீட்டுக்குப் பின்னால், இரும்புக் கோணங்களை வெல்டிங் செய்து ஒட்டிய கனமான கேரியர் ஒன்று இருந்தது. வண்டியின் அழகை அது கெடுத்தது. "இதை வெட்டி எடுக்கவே தனிச் செலவாகும் அம்மா" என்றேன். அந்தக் கேரியருக்காக மட்டும் ஆயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டேன். அவர் அந்தக் கேரியரை ஒரு முறை பார்த்தார். "சரி தம்பி, நீங்க பாத்துக் குடுங்க" என்றார். 17,500 ரூபாய்க்குப் பேரம் முடிந்தது. அன்று எனக்கு அது பெரிய வெற்றியாகத் தோன்றியது.

மலிவாக வாங்கிவிட்டேன் என்ற மகிழ்ச்சி எத்தனை நாள் நீடித்தது என்பதை என் கணக்குக் குறிப்பேடே சொல்லும். எஞ்சின் வேலைக்கு 26,000; சக்கரங்கள், டயர்களுக்கு 11,500; வயரிங், பேட்டரிக்கு 7,000; டேங்க், மட்கார்டு, பெயிண்டுக்கு 14,000; ஆவணங்களுக்கு 6,000; போல்ட்டு, நட்டு, கேபிள், ரப்பர் என்று சில்லறையாகப் போனது 9,000. ஆகமொத்தம் 73,500 ரூபாய். வாங்கிய விலையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல். பழைய வண்டி வாங்க நினைக்கும் இளைஞர்கள் யாரேனும் இங்கிருந்தால் இதை மனத்தில் கொள்ளுங்கள். விலை என்பது கதவைத் திறக்கும் சாவிக்கான பணம். வீட்டுக்கான பணம் பின்னால்தான் வரும்.

ஆவணங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உரிமையாளர் மறைந்துவிட்டால் வண்டியை நேரே வாங்குபவர் பெயருக்கு மாற்ற இயலாது. வாரிசுச் சான்றுடன் படிவம் 31 கொடுத்து முதலில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகு 29, 30 என்னும் படிவங்களால் வாங்குபவர் பெயருக்கு. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு பதினைந்து ஆண்டுகளே செல்லும்; அதற்குப் பின் வண்டியை ஓடும் நிலையில் கொண்டுபோய்க் காட்டிப் படிவம் 25இன் மூலம் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2021இல் நடுவணரசு, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. மூல வடிவம் மாறாமல் இருந்தால் அவற்றைத் தொன்மை வண்டிகளாகப் பதியலாம். ஆனால் அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. நான் ஓட்ட விரும்புகிறவன். ஆதலால் அந்த வழிக்குப் போகவில்லை.

பிரித்தலும் கோத்தலும்

வண்டியை ஒரே பகலில் பிரித்தோம். சேர்ப்பதற்கு ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆயின. பிரிக்கும்போது ஒவ்வொரு போல்ட்டையும் எந்த இடத்தில் எடுத்தோமோ அந்த இடத்தின் பெயர் எழுதிய உறையில் போடச் சொன்னார் பாய். நான் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் ஒரே தகர டப்பாவில் கொட்டினேன். நூல் அறுந்து குலைந்துபோன சுவடியின் ஏடுகளை வரிசைப்படுத்தும் வேலை என்னவென்று அறிந்தவன், தானே ஒரு சுவடியின் நூலை அறுத்துவிட்டேன். அந்த டப்பாவின் முன் நான் உட்கார்ந்திருந்த இரவுகளைக் கணக்கெடுத்தால், ஒரு சிறு நூலைப் பதிப்பித்திருக்கலாம்.

இன்னொன்று. அந்த வண்டியின் மரைகள் பழைய ஆங்கிலேய அங்குல அளவில் அமைந்தவை. இன்றைய மில்லிமீட்டர் ஸ்பானர் ஏறத்தாழப் பொருந்துவதுபோல் இருக்கும். திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். பழைய எழுத்து வடிவத்தை இன்றைய எழுத்தாகக் கருதிப் படிப்பதால் விளையும் பிழையைப் போன்றது இது. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளியிடாத ஏட்டில், புள்ளி இல்லாமையையே நெடிலுக்குச் சான்றாகக் கொள்பவன் எப்படித் தவறுவானோ, அப்படித்தான் நானும் மூன்று நட்டுகளைக் கெடுத்தேன்.

சிலிண்டரைக் கழற்றி லேத் பட்டறையில் போரிங் செய்து, பெரிய அளவுப் பிஸ்டன் போட்டோம். சென்னையில் புதுப்பேட்டைக்கு இருமுறை போய்வந்தேன். வண்டிகளின் உறுப்புகள் மலைபோல் குவிந்துகிடக்கும் அந்தத் தெருக்களில் நடக்கும்போது, பழைய புத்தகக் கடைகளில் நடக்கும் அதே பரபரப்பு உள்ளத்தில் எழுந்தது. வேண்டிய பொருள் அடுத்த கடையில் இருக்கலாம் என்ற நம்பிக்கையே மனிதனை நாள் முழுவதும் நடக்க வைக்கிறது.

ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு கேள்வி எழுந்தது. வண்டியின் மின்னமைப்பு 6 வோல்ட்டில் அமைந்தது. பலரும் அதை 12 வோல்ட்டாக மாற்றிக்கொள்கிறார்கள், வெளிச்சம் கூடும். மாற்றலாமா? இதில் இருந்த கார்புரேட்டர் பிற்காலத்து மிக்கார்ப் வகை. மூலத்தில் இருந்தது அமல். பழையதைத் தேடிப் பூட்டுவதா, ஓடுவதை ஓடவிடுவதா? டேங்கின் பொற்கோடுகள் திருவொற்றியூரில் கையாலேயே, தூரிகை கொண்டு வரையப்பட்டவை. ஒட்டுத்தாள் ஒட்டினால் கோடு நேராக இருக்கும். ஆனால் அது இன்னொருவர் கை. நாங்கள் கும்பகோணத்திலேயே பெயர்ப்பலகை எழுதும் ஒருவரைப் பிடித்து வரையச் சொன்னோம். இடப்பக்கக் கோடு ஓரிடத்தில் நூலளவு நடுங்கியிருக்கும். அந்த நடுக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

இக்கேள்விகளுக்கெல்லாம் நான் ஒரு கொள்கை வகுத்துக்கொண்டேன். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாளில் வண்டி எப்படியிருந்ததோ, அதுவே மூலபாடம். அதற்குப் பின் சேர்ந்தவை எல்லாம் இடைச்செருகல். இடைச்செருகலைக் களைந்து மூலத்தை மீட்பதே என் பணி. இந்தக் கொள்கையைப் பெருமிதத்தோடு பாயிடம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "இந்தக் கேரியரையும் எடுத்துடவா சார்?" என்றார். "முதலில் அதை எடுங்கள்" என்றேன்.

அவர் சிறிது தயங்கினார். "நல்லாச் செஞ்சிருக்காங்க சார், பழைய வேலை. ஓரமா வச்சிருக்கலாமே" என்றார். இடமில்லை என்றேன். வெட்டுக்கல் இயந்திரத்தால் அறுத்து எடுத்தார். சேஸிஸில் இருந்த வெல்டிங் தழும்புகளை அராவி, பட்டி பூசி, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். இருந்த சுவடே தெரியவில்லை. அறுத்த கேரியரைக் காயலான் கடையில் போட்டேன். மூன்று கிலோ இருந்தது. 60 ரூபாய் கொடுத்தார்கள். அந்த 60 ரூபாயையும் என் குறிப்பேட்டில் வரவு வைத்திருக்கிறேன்.

முதல் ஒலி

2020ஆம் ஆண்டு தை மாதத்தில் ஒரு காலைப் பொழுதில் வண்டி எழுந்தது. பழைய புல்லட்டை எழுப்புவது ஒரு சடங்கு. சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். முகப்பிலுள்ள ஆம்மீட்டரின் முள் ஒருபுறம் சாய்ந்திருக்கும். ஒரு கட்டத்தில் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் உச்சியை அடைந்ததன் அடையாளம் அது. அப்போது டீகம்ப்ரஸர் நெம்புகோலைப் பிடித்து, உச்சியைச் சற்றே கடக்கவிட்டு, நெம்புகோலை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடலின் எடை முழுவதையும் வைத்து ஒரே மிதி மிதிக்க வேண்டும். வலிமையால் ஆவதன்று, முள்ளைப் படிக்கத் தெரிய வேண்டும்.

நான் பதினேழு முறை மிதித்தேன். எழவில்லை. பாய் வந்து வலப்பக்க மூடியைக் கழற்றி, புஷ்ராடை இரு விரல்களால் உருட்டிப் பார்த்தார். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது விரலுக்குத் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஒரு நூலளவு தளர்த்தினார். பிறகு ஒரே மிதி. எங்கள் தெருவின் பழைய சத்தம் அந்தப் பட்டறையில் கேட்டது. பாய் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. ஐந்து வயதுப் பிள்ளையாக வாசலில் நின்றேன் என்பதைத் தவிர வேறு எப்படிச் சொல்வது?

அடிக்குறிப்பில் இருந்திருக்க வேண்டியது

மாசி மாதத்தில், பதிவு புதுப்பித்த மறுவாரம், வண்டியை ஓட்டிக்கொண்டு அந்தச் சிற்றூருக்குப் போனேன். அம்மையார் கேட்டு மகிழட்டும் என்ற எண்ணம். உண்மையைச் சொன்னால், அவர் பாராட்டட்டும் என்ற எண்ணமும் இருந்தது.

அவர் சத்தம் கேட்டே வெளியே வந்துவிட்டார். வண்டியைச் சுற்றி ஒரு முறை நடந்தார். டேங்கைத் தொட்டார். பின்பக்கம் வந்ததும் நின்றார். சீட்டுக்குப் பின்னால் கையை நீட்டி, அங்கே ஏதோ இருப்பதுபோல் வெறும் காற்றைத் தடவினார்.

"பெட்டி வைக்கிற கேரியர் எங்க தம்பி?"

எடுத்துவிட்டதாகச் சொன்னேன். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. விடை சொல்லாமலே அவருக்கு விளங்கியது.

பிறகு திண்ணையில் உட்கார்ந்து அவரே சொன்னார். கோமாரித் தடுப்பூசி மருந்தைக் குளிர் மாறாமல் கொண்டுபோக வேண்டும். ஐஸ் நிரப்பிய பெட்டி கயிற்றில் கட்டினால் ஆடி விழுந்துவிடும். ஒரு முறை விழுந்து உடைந்து, மருந்து வீணாகி, அந்த ஊர் மாடுகளுக்கு ஊசி போட முடியாமல் போயிற்று. அதற்குப் பிறகு அவர் கணவர் தம் சம்பளத்தில், உள்ளூர்க் கொல்லர் ஒருவரை வைத்து, பெட்டியின் அளவுக்கு அளந்து அந்தக் கேரியரைச் செய்துகொண்டார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அதன்மேல் பெட்டி போயிற்று. "மழை பேஞ்சாலும் பெட்டி நனையாது, அவரு நனஞ்சுட்டு வருவாரு" என்றார். குறையாக அவர் எதுவும் சொல்லவில்லை. மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

அன்பர்களே, திரும்பி வரும் வழியில் எனக்கு நினைவுக்கு வந்தது இதுதான். நம் ஊர் அரசுக் கல்லூரியில் 1880இல் தமிழாசிரியராகச் சேர்ந்தவர் உ.வே. சாமிநாதையர். 1887இல் சீவக சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சில் கொண்டுவந்தவர். ஏடு தேடி அவர் போன ஊர்களில், பயன் அறியாமல் சுவடிகளை ஆற்றில் விட்டதையும் தீயில் இட்டதையும் கேட்டு அவர் நெஞ்சம் பதைத்ததைத் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை வகுப்பில் படிக்கும்போதெல்லாம் நான் குரல் தழுதழுக்கப் படித்திருக்கிறேன். அப்படிப்பட்ட நான் காயலான் கடைக்காரர் கொடுத்த 60 ரூபாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

என் கொள்கையில் இருந்த பிழை எங்கே? மூலபாடத்தைத் தேடியது பிழையன்று. அது பதிப்பாசிரியனின் கடமை. ஆனால் நல்ல பதிப்பாசிரியன், மூலமன்று என்று தான் கருதியதை அழிப்பதில்லை. வேறுபட்ட பாடங்களை அடிக்குறிப்பில் தருகிறான். இடைச்செருகல் என்று ஐயுற்ற பாடலைப் பின்னிணைப்பில் வைக்கிறான். தான் தவறியிருந்தால் பின்னால் வருபவன் திருத்திக்கொள்ள வழி விடுகிறான். மேலும், ஒரு நூலை எவர் எவர் எந்தத் தேவைக்காக எடுத்தாண்டார்கள் என்பதற்கு அந்தச் சேர்க்கைகளே சான்று. தொழிற்சாலை செய்த வண்டிகள் பல்லாயிரம். அந்தக் கேரியர் உலகில் ஒன்றே ஒன்று. நான் பல்லாயிரத்தில் ஒன்றை மீட்பதற்காக, ஒன்றே ஒன்றாக இருந்ததைத் தொலைத்தேன். அதை ஒரு நிழற்படம்கூட எடுத்து வைக்கவில்லை. அளவு குறிக்கவில்லை. பாய் ஓரமாக வைக்கச் சொன்னபோதும் கேட்கவில்லை. எழுத்தறிவு மிகுதியாக இல்லாத அவருக்குத் தெரிந்த பதிப்பு நெறி, அதைக் கற்பித்த எனக்குத் தெரியவில்லை.

நான் காயலான் கடைக்குப் போய்க் கேட்டேன். மூன்று ஆண்டுக்கு முன் போட்ட இரும்பு உருக்காலைக்குப் போய் எத்தனையோ காலம் ஆகியிருக்கும் என்று சிரித்தார்கள். பாய், "நான் அதே மாதிரி செஞ்சு தர்றேன் சார்" என்றார். அவரால் முடியும். ஆனால் வேண்டாம் என்றேன். ஏட்டில் சிதைந்துபோன அடியைப் பதிப்பாசிரியன் தானே புனைந்து நிரப்பக் கூடாது. அவ்விடத்தில் புள்ளிகளிட்டு விட்டுவிட வேண்டும். இந்த நெறியையாவது இம்முறை காப்பாற்ற நினைத்தேன்.

அதனால் வேறொன்று செய்தோம். சேஸிஸின் பின்பகுதியில் அன்று பூசிய பட்டியையும் பெயிண்டையும் சுரண்டி எடுத்தோம். அராவியது போக, வெல்டிங் தழும்புகள் நான்கு இடங்களில் மங்கலாக இருந்தன. துருப்பிடிக்காமல் நிறமற்ற வார்னிஷ் மட்டும் பூசினோம். அந்தப் பளபளப்பான கறுப்பு வண்டியில் அந்த நான்கு இடங்கள் மட்டும் வெளிறித் தெரியும். வண்டியைப் பார்ப்பவர்கள் பலரும் அது என்ன என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுக்கெல்லாம் மருந்துப் பெட்டியின் கதையைச் சொல்கிறேன். ஆர்.சி. புத்தகத்தின் உறைக்குள், அம்மையார் சொன்னவற்றை எழுதி ஒரு தாளும் வைத்திருக்கிறேன். கேரியர் இல்லை, அடிக்குறிப்பு இருக்கிறது. பேரத்தில் குறைத்த அந்த ஆயிரம் ரூபாயை அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலில் மறுத்தார். மருந்துப் பெட்டிக்கான விலை என்றதும் வாங்கிக்கொண்டார்.

நிறைவாக

பத்தாண்டு நிறைவு என்பது ஒரு வகையில் மலரின் பதிப்பாசிரியர் குழுவுக்கு என்னைப் போன்ற சோதனைதான். பத்தாண்டுக் கூட்டங்களின் குறிப்பேடுகள், அழைப்பிதழ்கள், பேச்சுகளின் கைப்படிகள் ஆகியவற்றிலிருந்து சிறந்தவற்றைத் தேர்ந்து மலராக்கியிருக்கிறீர்கள். அது முறையே. தேராதவற்றை என்ன செய்யப் போகிறீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கூட்டத்துக்கு மூன்று பேரே வந்த மழை நாளின் குறிப்பும், தேநீர்ச் செலவின் துண்டுச் சீட்டும் இடைச்செருகலாகத் தோன்றலாம். ஓர் அட்டைப் பெட்டியில் போட்டு ஓரமாக வையுங்கள். பின்னால் யாரேனும் வந்து, அது எங்கே என்று கேட்பார்கள்.

பழைய வண்டி வாங்க விரும்புகிறவர்களுக்கும் நான் சொல்ல வேண்டியது அதுவே. எண்ணைச் சரிபாருங்கள். உறுப்புகளை எண்ணுங்கள். காந்தத்தைக் கொண்டு போங்கள். விலையைப்போல் நான்கு மடங்கைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை உறையிலிட்டுப் பெயர் எழுதுங்கள். எதை வெட்டுவதாயினும், வெட்டுவதற்கு முன் வண்டியை விற்றவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.